பழவேற்காட்டில் ஒரு சுண்டெலி

உங்கள் வீட்டில் எலி உண்டா? "சேச்சே! எங்கள் வீட்டிலா?" என்று சொல்லுகிறவர்களை நான் நம்புவதில்லை. எலியே எட்டிப் பார்க்காத வீடு ஒன்று இருந்தால், அந்த வீட்டில் அடுப்பு மூட்டுவதில்லை என்றுதான் அர்த்தம். இருக்கட்டும். நான் இப்போது சொல்ல வந்தது வீட்டு எலியைப் பற்றி அல்ல. சக்கரத்தின் மேல் சவாரி செய்த எலியைப் பற்றி.

என் கணவருக்கு ஒரு சிநேகிதர் இருக்கிறார். உலகத்தில் எல்லாருக்கும் சொந்த வீடு கட்ட ஆசை. அவருக்குச் சொந்த வீட்டைக் காருக்குப் பின்னால் கட்டி இழுத்துக்கொண்டு போக ஆசை. பட்டறையில் சொல்லி ஒன்றைச் செய்தும் விட்டார். இரண்டு சக்கரம், தகரச் சுவர், உள்ளே மூன்று பேர் படுக்கப் பலகை, சின்ன காஸ் அடுப்பு, முகம் கழுவத் தொட்டி, மின்சார விளக்கு, தலைக்கு மேல் சாமான் வைக்க அலமாரி எல்லாம் உண்டு. 'டிரெய்லர்' என்று பெயர். சினிமா நட்சத்திரங்கள் உட்கார்ந்து வேஷம் போட்டுக்கொள்ளும் 'காரவன்' என்று நினைத்துவிடாதீர்கள். அது அரண்மனை; இது ஒண்டுக் குடித்தனம்.

"பொங்கல் லீவுக்கு எடுத்துக்கொண்டு போங்களேன். ஆறு மாதமாகக் கொட்டகையில் சும்மாதான் நிற்கிறது" என்றார் அவர். அந்த 'ஆறு மாதமாகச் சும்மா' என்ற வார்த்தையை நான் அப்போதே கவனித்திருக்க வேண்டும். கவனிக்கவில்லை. பத்திரிகைக்கு ஒரு கட்டுரையும் ஆயிற்று, பையனுக்குப் பூநாரை காட்டினதும் ஆயிற்று என்று மூட்டை கட்டினேன்.

சென்னைக்கு வடக்கே ஏறக்குறைய 60 கிலோ மீட்டரில் இருக்கிறது பழவேற்காடு. காரும் டிரெய்லரும் வேண்டும் என்று அவசியமே இல்லை. கும்மிடிப்பூண்டிப் பக்கம் போகும் மின்சார ரயிலில் ஏறிப் பொன்னேரியில் இறங்கினால், பஸ் கொண்டுபோய் விட்டுவிடும். வழியெல்லாம் வயல். வயல் முடிகிற இடத்தில் காற்றில் உப்பு வாசனை வருகிறது. அடுத்து கருவாட்டு வாசனை வருகிறது. அதற்கும் அடுத்து ஏரி வந்துவிடுகிறது.

ஏரி என்றால் நம் ஊர் ஏரியை நினைத்துக்கொள்ளாதீர்கள். இந்தியாவில் உள்ள உப்பங்கழி ஏரிகளில் ஒடிசாவின் சில்காவுக்கு அடுத்தபடி பெரியது இதுதான். பெரும் பகுதி ஆந்திராவில் கிடக்கிறது. தெற்கு வால் மட்டும் நம்முடையது. ஒரு பக்கம் ஆரணியாறும் காளங்கி நதியும் நல்ல தண்ணீரைக் கொண்டுவந்து கொட்டுகின்றன. மறு பக்கம் முகத்துவாரத்தின் வழியே கடல் உள்ளே வந்து போகிறது. கடலுக்கும் ஏரிக்கும் நடுவே ஸ்ரீஹரிக்கோட்டைத் தீவு. ராக்கெட் விடுகிறார்களே, அதேதான். இவ்வளவு பெரிய ஏரியில் ஆழம் எவ்வளவு என்கிறீர்கள்? பல இடங்களில் இடுப்பளவு தண்ணீர்தான். அந்தத் தண்ணீரில் பூநாரைகள் நீண்ட கால்களோடு தலையைக் கவிழ்த்துக்கொண்டு, எதையோ தொலைத்துவிட்டுத் தேடுகிறவர்களைப் போல நின்றன.

ஏரிக்கரையில் ஒரு மீனவக் குடும்பத்தின் வீட்டுக்கு முன்னால் தென்னை நிழல் இருந்தது. அங்கே வண்டியை நிறுத்திக்கொள்ளலாமா என்று கேட்டோம். திண்ணையில் கருவாடு ஆய்ந்துகொண்டிருந்த கிழவி எங்களையும் வண்டியையும் ஏற இறங்கப் பார்த்தாள். எழுபது வயதுக்குக் குறையாது. "வூட்டையே இஸ்துக்கினு வந்துட்டீங்களா? நிறுத்திக்கோங்க, நிறுத்திக்கோங்க" என்று சிரித்தாள். அவள் வீட்டிலிருந்தே ஒரு வயர் இழுத்து எங்கள் விளக்குக்கும் மின்சாரம் கொடுத்தார்கள். 'ஆயா' என்று பையன் கூப்பிட ஆரம்பித்தான். பிறகு நாங்கள் எல்லாரும் அப்படியே கூப்பிட்டோம்.

முதல் நாள் சாயங்காலம் டச்சுக்காரர்களின் கல்லறைத் தோட்டத்தைப் பார்த்துவிட்டு வந்தோம். 1613-ல் இங்கே கெல்டிரியா என்ற கோட்டையைக் கட்டி, 1690-ல் நாகப்பட்டினத்துக்கு மாறும் வரையில் சோழமண்டலக் கரை முழுவதற்கும் இதையே தலைமை இடமாக வைத்திருந்தவர்கள் அவர்கள். இங்கிருந்து கப்பல் கப்பலாகத் துணி போயிற்று. துணியோடு அடிமைகளாக மனிதர்களும் போனார்கள். அதையும் சொல்லத்தான் வேண்டும். கல்லறைத் தோட்ட வாசலில் எலும்புக்கூடுகளைச் செதுக்கி வைத்திருக்கிறார்கள். பையன் அன்று இரவு விளக்கை அணைக்கவே விடவில்லை.

விளக்கு தானாகவே அணைந்துவிட்டது.

இருட்டில் படுத்திருந்தோம். தலைக்கு மேல் 'கர்... கர்...' என்று ஒரு சப்தம்.

"காற்று" என்றார் என் கணவர்.

"காற்றுக்குப் பல் உண்டா?" என்றேன் நான்.

காலையில் பார்த்தால், ரவைப் பொட்டலத்தில் ஒரு கதவு வைத்திருந்தது. பையனின் காலுறையில் ஒரு ஜன்னல். பொங்கலுக்குச் செய்த முறுக்கில் ஓரமெல்லாம் பூவேலை. இதையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். விளக்கு ஏன் அணைந்தது என்று அலமாரிக்குப் பின்னால் பார்த்த என் கணவரின் முகம் வெளுத்துவிட்டது. வயரின் மேல் தோலைக் கடித்து உரித்து, உள்ளே தாமிரக் கம்பி பளபளவென்று தெரிந்தது. சுற்றிலும் தகரச் சுவர். அந்தக் கம்பி சுவரில் பட்டிருந்தால், விடியற்காலையில் கதவைத் தொட்ட பையனின் கதி? மெயினை அணைத்துவிட்டு, அவர் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார்.

"எங்கே போறீங்க தம்பி?" என்றாள் ஆயா.

"கடைக்கு. எலி மருந்து வாங்க."

"அது வேணாம்" என்றாள் அவள். குரலைக் கூடத் தூக்கவில்லை. ஆனால் அவர் நின்றுவிட்டார்.

பக்கத்துத் தெருவில் யாரோ மருந்து வைத்தார்களாம். மருந்தைத் தின்ற எலியைப் பூனை தின்றது. ஆயாவின் பூனையும் அதில் போய்விட்டது. பூனை போன பிறகு எலிக்குக் கேட்பானேன்! மருந்து தின்ற எலி வண்டியின் சுவருக்குள்ளே போய்ச் செத்தால், அப்புறம் வண்டியைக் கழற்றித்தான் எடுக்க வேண்டும் என்பதையும் அவள் சொன்னாள். அவள் சொல்லாத ஒன்றை நான் சொல்லிவிடுகிறேன். மஞ்சள் பாஸ்பரஸ் கலந்த எலிப்பசை மனிதர் வயிற்றில் போனால் ஈரலைக் குலைத்துவிடும். அதற்கு மாற்று மருந்தே கிடையாது. ரொட்டித் துண்டில் தடவி வைக்கும் அந்தப் பசையைத் தின்பண்டம் என்று குழந்தை எடுத்துவிட எவ்வளவு நேரம் ஆகும்? குழந்தைகள் நடமாடும் வீட்டில் அந்தச் சனியனை வாங்கவே வாங்காதீர்கள்.

"முதல்ல எங்க வூட்டு வலையைப் பாரு, வா" என்று என்னைக் கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு போனாள்.

வீட்டை ஒட்டினாற்போல் ஒரு கொட்டகை. 2004-ம் ஆண்டுச் சுனாமிக்குப் பிறகு இந்தக் கரையில் பல வீடுகள் காங்கிரீட்டாக மாறிவிட்டன. ஆனால் வலைக்கு இன்னமும் ஓலைக் கூரைதான் சுகம். நடுவிலே, எந்தச் சுவரிலும் படாமல், தரையிலும் படாமல், ஒரு மூங்கிலில் வலை தொங்கிக்கொண்டிருந்தது. மூங்கிலைத் தாங்கிய இரண்டு கயிறுகளிலும் பாதிக் கொட்டாங்கச்சிகள், கவிழ்த்த குடையைப் போல, மூன்று மூன்றாகக் கோத்திருந்தன. அவற்றுக்கு மேலே ஒரு பெரிய தகர மூடி. கூரையிலிருந்து கயிற்றின் வழியாக இறங்கி வருகிற எலி, வழவழப்பான கொட்டாங்கச்சியின் முதுகில் காலை வைத்ததும் வழுக்கிக் கீழே விழும். "சின்னதுக்கு ஓடு போதும். பெரிசுக்குத் தகரம் வேணும்" என்றாள்.

எனக்குச் சட்டென்று சென்னைத் துறைமுகம் ஞாபகம் வந்தது. கரையில் கட்டியிருக்கும் கப்பல்களின் கயிறுகளில் வட்ட வட்டமாகத் தகரத் தட்டு மாட்டியிருப்பதை நீங்கள் பார்த்திருக்கலாம். அழகுக்காக அல்ல. கப்பல் எலி ஊருக்குள் இறங்காமலும், ஊர் எலி கப்பலில் ஏறாமலும் இருக்கத்தான். எலியோடு பிளேக்கும் ஊர் ஊராகப் பிரயாணம் செய்த காலத்தில், துறைமுகங்கள் பட்ட பாட்டில் கற்றுக்கொண்ட யுக்தி அது. நம் பாட்டிமார்கள் தயிர்ப் பானையை உறியில் தொங்கவிட்டார்களே, அதுவும் இதே சாஸ்திரம்தான். உறியைக் கழற்றிவிட்டு நாம் ஸ்டீல் அலமாரி வாங்கிக்கொண்டோம்!

"நைலான் வலையை எலி தின்னுமா ஆயா?" என்று கேட்டேன்.

"தின்னாது. கடிக்கும்" என்றாள்.

வாஸ்தவம். எலியின் முன் பற்கள் வாழ்நாள் முழுவதும் வளர்ந்துகொண்டே இருக்கின்றன. எதையாவது கொறித்துத் தேய்த்துக்கொண்டே இருக்க வேண்டும் என்பது அதன் தலையெழுத்து. வலையில் மீன் வாசனை வேறு ஒட்டிக்கொண்டிருக்கும். போதாததற்கு, குட்டி போடக் கூடு கட்ட மெத்தென்ற நார் வேண்டும். பருத்தி வலைக் காலத்திலும் இதே தொல்லைதான். நைலான் வந்து மக்கிப் போகும் பயத்தை ஒழித்ததே தவிர, எலிப் பயத்தை ஒழிக்கவில்லை.

கொட்டகை வாசலில் உட்கார்ந்து ஆயா தன் கதையைச் சொன்னாள். அதைப் புரிந்துகொள்ள உங்களுக்குப் 'பாடு' என்றால் என்ன என்று தெரிய வேண்டும். ஏரியில் இறால் நன்றாக ஓடும் இடங்கள் சிலவே. நீரோட்டத்தில் கம்பு நட்டு, சுத்து வலை கட்டி, இரவெல்லாம் காத்திருந்து பிடிக்க வேண்டும். எல்லாரும் ஒரே இடத்தில் பாய்ந்தால் அடிதடிதான் மிஞ்சும். ஆகையால் சில மீனவக் கிராமங்கள் நெடுங்காலமாகத் தங்களுக்குள் ஓர் ஏற்பாடு செய்துகொண்டிருக்கின்றன. சீட்டுப் போட்டு, யாருக்கு எந்த இடம், எந்த முறை என்று தீர்மானிப்பது. அதற்குத்தான் பாடு என்று பெயர். இந்த ஏற்பாட்டுக்குள் சேராத மீனவர்களும் ஏரியில் இருக்கிறார்கள். அவர்களுக்கு மனஸ்தாபம் உண்டு. அதில் நியாயமும் இல்லாமல் இல்லை. ஆனால் பாடு உள்ள குடும்பத்துக்கு முறை நாள் என்பது தீபாவளி மாதிரி.

ஆயாவுக்குக் கல்யாணமான புதிது. காதுக் கம்மலை அடகு வைத்து வலை வாங்கினார்கள். மழைக் காலத்தில் வலையைச் சுருட்டி, வீட்டு மூலையில் சுவரோரமாகப் போட்டிருந்தார்கள். முறைக்கு முந்தின நாள் எடுத்து விரித்தால், முழத்துக்கு ஓர் ஓட்டை. சுருட்டி வைத்த வலையில் ஒரு கடி கடித்தால், விரிக்கும்போது பத்து ஓட்டை அல்லவா? மடித்த காகிதத்தைக் கத்தரித்துக் குழந்தைகள் பூச்செய்வதைப் பார்த்திருப்பீர்களே, அப்படி.

"நானும் அவரும் மண்ணெண்ணெய் விளக்கை வெச்சுக்கினு ராவெல்லாம் வலை ஊசியும் கையுமா உக்காந்தோம். விடிஞ்சு, பொழுது சாஞ்சு, படகுங்க கெளம்பற வரைக்கும் பின்னினோம். பாதிகூட ஆவல."

"அப்புறம்?"

"அப்புறம் இன்னா? முறை போச்சு. எங்களுக்காக ஏரி காத்துக்கினு இருக்குமா? அடுத்த முறைக்குள்ளே வட்டி ஏறிப்போச்சு."

அவள் காதைப் பார்த்தேன். துளை மட்டும் நீண்டு தொங்கியது. ஏதோ கேட்க வாயெடுத்தேன், கேட்கவில்லை. அவளே, "அது மூழ்கிப் போச்சு" என்று சொல்லிவிட்டு, தொங்கும் வலையை விரல்களால் நீவிப் பார்த்தாள். அன்று இரவு அவளுடைய மகனுக்கு முறை. அந்த வலையைத்தான் எங்களுக்குக் காட்டிக்கொண்டிருந்தாள்!

பிறகு எங்கள் வண்டியைப் பரிசோதிக்க வந்தாள். டாக்டர் நோயாளியைச் சுற்றி வருவதுபோல் வண்டியைச் சுற்றி வந்தாள், குனிந்தாள், சக்கரத்துக்கு மேலே கையை விட்டாள். பையனின் பென்சிலை வாங்கிக்கொண்டாள். எங்கெல்லாம் பென்சில் நுழைந்ததோ அங்கெல்லாம் சுண்டெலி நுழையும் என்பது அவள் கணக்கு. சுமார் 6 மில்லி மீட்டர் சந்து இருந்தால் சுண்டெலிக்குப் போதும் என்று எலி நிபுணர்கள் சொல்லுகிறார்கள். பென்சில் பருமன் ஏறக்குறைய அதுதான். பெரிய எலிக்கு அதைப்போல் இரண்டு மடங்கு வேண்டும். தலை நுழைந்தால் உடம்பை எப்படியாவது இழுத்துக்கொண்டுவிடுமாம்.

காஸ் குழாய் நுழையும் இடத்தில் பென்சில் நுழைந்தது. தொட்டித் தண்ணீர் வெளியேறும் குழாயைச் சுற்றி நுழைந்தது. சக்கரத்தின் மேல் மூடியும் தரைப் பலகையும் சேரும் மூலையில் பென்சில் என்ன, என் கட்டை விரலே நுழைந்தது. கடைசியில் எங்கள் மின்சார வயரைத் தொட்டுக் காட்டினாள். "எங்க வூட்டு எலிக்கு உங்க வண்டிக்கு நீங்களே பாலம் கட்டிக் குடுத்துட்டீங்க" என்றாள். என் கணவர் இஞ்சினீயர். அவர் அப்போது ஏரியில் பூநாரைகளை எண்ணிக்கொண்டிருந்தார்.

ஓட்டைகளை எதை வைத்து அடைத்தோம் தெரியுமா? சகோதரிகளே, இது உங்கள் ராஜ்யம்! பாத்திரம் தேய்க்கும் கம்பிச் சுருள். துணி, காகிதம், பஞ்சு எதை வைத்தாலும் எலி பிய்த்துக் கூடு கட்டிக்கொள்ளும். பட்டறையில் பீய்ச்சி அடைக்கிறார்களே, நுரை மாதிரி ஒன்று, அதையும் கொறித்துத் தள்ளிவிடும். கம்பிச் சுருளில் பல்லை வைத்தால் கூசும், குத்தும்; விட்டுவிடும். சாதாரண இரும்புச் சுருள் உப்புக் காற்றில் ஒரு மாதத்தில் துருப்பிடித்து உதிர்ந்துவிடும். எவர்சில்வர் சுருளாகப் பார்த்து வாங்க வேண்டும். நன்றாகத் திணித்து, மேலே நெருக்கமான கம்பி வலையோ தகரமோ வைத்துத் திருகாணி முடுக்கினோம். வயரைப் புதிதாக மாற்றி, பிளக்கைக் கழற்றி, இரண்டு கொட்டாங்கச்சிகளைக் கோத்து மறுபடி மாட்டினார் என் கணவர். மெயினை அணைத்துவிட்டுத்தான்!

எலி உள்ளே இருக்கும்போதே ஓட்டையை அடைத்தால் என்ன பிரயோஜனம் என்று நீங்கள் கேட்கலாம். அதற்கும் ஆயா பதில் வைத்திருந்தாள். மரப்பெட்டி எலிப்பொறி ஒன்றைக் கொண்டுவந்தாள். எலிப்பொறி என்றால் மசால் வடை என்று நம் வீடுகளில் ஒரு சம்பிரதாயம் உண்டல்லவா? நான் வடைக்குப் பருப்பு ஊறப் போடப் போனேன். ஆயா சிரித்துவிட்டு, ஒரு தேங்காய்ச் சில்லை நெருப்பில் வாட்டினாள். சுட்ட தேங்காயின் வாசனைதான் தூக்கி அடிக்குமாம். கொக்கியில் நன்றாகக் குத்தி, பொறியை நடுவீட்டில் வைக்காமல் சுவரோரமாக, சுவரோடு ஒட்டி வைத்தாள். எலி திறந்த வெளியில் நடக்கப் பயந்த ஆசாமி. மீசை சுவரில் உராய உராயத்தான் ஓடும்.

மற்றச் சாப்பாட்டுச் சாமான்கள் எல்லாவற்றையும் மூடி போட்ட டின்களில் அடைத்து, வீட்டுக்குள் கொண்டுபோய் வைத்துவிட்டோம். வண்டியில் அந்த ஒரு தேங்காய்ச் சில்லைத் தவிர வேறு ஆகாரம் கிடையாது. பொழுது சாய்வதற்குள் 'டப்' என்று சப்தம் கேட்டது.

கட்டை விரல் அளவு ஒரு சுண்டெலி. "ஐயோ, பாவம்! விட்டுவிடலாம் அம்மா" என்றான் பையன்.

"எங்கே விடுவே? என் வலையிலேயா?" என்றாள் ஆயா.

அதற்குள் என் கணவர் அலமாரிக்குப் பின்பக்கம் இருந்த பலகையைக் கழற்றிவிட்டார். உள்ளே கிண்ணம் போல் ஒரு கூடு. எதனால் கட்டியிருந்தது என்கிறீர்கள்? போர்வைப் பஞ்சு கொஞ்சம்; மீதியெல்லாம் பழைய பத்திரிகைக் காகிதம். சென்னையில் தள்ளுபடி விற்பனை விளம்பரம் ஒன்று அரைகுறையாகத் தெரிந்தது. ஆறு மாதம் கொட்டகையில் சும்மா நின்ற வண்டியில், சும்மா இராமல் குடித்தனம் நடத்தியிருக்கிறது!

ஆயா இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, "அப்பவே நெனைச்சேன். இது எங்க ஊரு எலி இல்ல. உங்க ஊரு எலி" என்றாள்.

எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல் இருந்தது. அந்தச் சுண்டெலியின் வயிறு வேறு பெருத்திருந்தது. ஏறக்குறைய 20 நாளில் ஐந்தாறு குட்டி போடும். அந்தக் குட்டிகள் ஒன்றரை மாதத்தில் தாமே தாயாகிவிடும். வேடிக்கை பார்க்க வந்த நாங்கள், கம்மலை இழந்து வலையைக் காத்தவளின் கொட்டகைக்குப் பத்தடி தூரத்தில் இந்த விருந்தாளியைக் கொண்டுவந்து இறக்கியிருக்கிறோம். ஊரில் எலிக்குப் பஞ்சமா என்று நீங்கள் சமாதானம் சொல்லலாம். எனக்கு அந்தச் சமாதானம் அப்போது எடுபடவில்லை. எதிர்வீட்டுப் பூனை வந்தது. பையனை நான் ஏரிப் பக்கம் அழைத்துப் போய்விட்டேன். மேல் விவரம் வேண்டாம்.

ஏரியில் ஓர் இருளர் பெண் இடுப்பளவு தண்ணீரில் உட்கார்ந்தபடி நகர்ந்து, சேற்றைக் கைகளால் துழாவி இறால் பிடித்துக்கொண்டிருந்தாள். பிடித்த இறாலைப் போடும் ஓலைப் பறி, பல்லில் கடித்தபடி தொங்கியது. வலையும் இல்லை, படகும் இல்லை. பத்து விரல்தான் முதல். இந்த ஜில்லாவில் வயல் எலி பிடிப்பதில் கைதேர்ந்தவர்களும் இருளர்களே. வளையின் வாயில் மண்பானையை வைத்து, உள்ளே வைக்கோல் புகையப் போட்டு, பானையின் அடித்துளை வழியாக வாயால் ஊதுவார்கள். உதடு வேகும்; நெஞ்செல்லாம் புகை ஏறும். 2003-ம் ஆண்டில் உலக வங்கியின் பரிசுத் திட்டம் ஒன்றின் உதவியால், கையால் சுழற்றிப் புகை ஊதும் இயந்திரத்தை அவர்களுக்குச் செய்து கொடுக்கும் வேலை நடந்தது. மருந்தே இல்லாமல் நம் நெல்லைக் காப்பாற்றிக் கொடுக்கிறவர்களின் மூச்சைப் பற்றி நாம் அதிகமாக நினைப்பதில்லை.

திரும்பி வந்து வண்டியைச் சுத்தம் செய்தோம். இதிலே ஒரு விஷயம் கவனியுங்கள். எலிப் புழுக்கையைத் துடைப்பத்தால் பெருக்கக் கூடாது. தூசியோடு நோய்க் கிருமியும் பறந்து மூக்கில் ஏறும். பிளீச்சிங் பவுடர் கரைத்த தண்ணீரைத் தெளித்து, ஐந்து நிமிஷம் ஊறவிட்டு, கையுறை போட்டுக்கொண்டு துணியால் துடைத்து எடுக்க வேண்டும். எலிக் காய்ச்சல் என்கிறார்களே, அது எலியின் மூத்திரத்தால் பரவுவது. கையில் காலில் சிறு காயம் இருந்தாலும் அதன் வழியே புகுந்துவிடும்.

இரவு 8 மணி சுமாருக்கு ஆயாவின் மகனும் கூட்டாளிகளும் வலையைத் தோளில் சுமந்துகொண்டு படகுக்குப் போனார்கள். போகும் முன் ஆயா ஒரு தடவை வலை முழுவதையும் விரலால் தடவிப் பார்த்தாள். கண் சரியாகத் தெரியாது, விரலுக்குத் தெரியும்.

எனக்குத் தூக்கம் வரவில்லை. 'கர் கர்' சப்தத்தால் அல்ல. வண்டி நிசப்தமாக இருந்தது. ஒருவேளை முந்தின நாள் இரவே எங்கள் சுண்டெலி அந்த வயர்ப் பாலத்தில் நடந்துபோய், வலையில் ஒரு கடி வைத்துவிட்டு வந்திருந்தால்? ஆயாவின் விரலுக்கும் தப்பி ஒரு மடிப்பு இருந்திருந்தால்? எழுந்து வெளியே வந்தேன். ஆயாவும் திண்ணையில் விழித்துக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தாள். ஏரியில் தூரத்தில் இரண்டு மூன்று விளக்குகள் அசையாமல் நின்றன. "படுத்துக்கோ கண்ணு" என்றாள். நான் படுக்கவில்லை, அவள் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். வெகு நேரம் இருவரும் பேசவில்லை.

கிழக்கு வெளுக்கும்போது படகு வந்தது. கூடை கூடையாக இல்லை. இறால் முன்போல் வருவதில்லை, முகத்துவாரம் மணல் மூடி மூடிக் கெடுக்கிறது என்று மகன் அலுத்துக்கொண்டார். ஆனாலும் வியாபாரி எடை போட்டு எடுத்துப் போகும் அளவுக்கு இருந்தது. நான் இறாலைப் பார்க்கவில்லை, வலையைத்தான் பார்த்தேன். அலசி, வெயிலில் காய விரித்தார்கள். முழுசாக இருந்தது.

ஊருக்குக் கிளம்பும்போது வயரிலிருந்த கொட்டாங்கச்சிகளைக் கழற்றப் போனார் என் கணவர். "அது கிடக்கட்டும், அப்படியே எடுத்துக்கினு போங்க" என்று ஆயா தடுத்துவிட்டாள். ஒரு பொட்டலம் கருவாடும் கொடுத்தாள். டின்னில் போட்டு இறுக மூடித்தான்.

சென்னையில் வண்டியைத் திருப்பிக் கொடுத்தபோது, சிநேகிதர் வயரைத் தூக்கிப் பார்த்து, "இதென்ன, தேங்காய் ஓடு?" என்று கேட்டார். எங்களுக்கு முன்னால் பையன் முந்திக்கொண்டு, பாடு முறையிலிருந்து ஆரம்பித்துச் சொல்லத் தொடங்கிவிட்டான். அவர் அன்று ஆபீசுக்குப் போக ஒரு மணி நேரம் தாமதம்.